தங்கத்தைக் கரைக்கும் தண்ணீர்

எங்க ஊர் கூரம், கூரத்தாழ்வார் பிறந்த ஊர். ஸ்ரீரங்கம் போகிற வழியில், மனைவி மடியில் வைத்திருந்த பொன்வட்டிலை அவர் காட்டிலே எறிந்துவிட்டார் என்று சொல்லுவாங்க. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்! அப்படி எறிந்த தங்கத்தைப் பாறையிலிருந்து பிரிக்க எவ்வளவு பாடு என்பதை, கோலார் தங்கவயல் மில்லில் வேலை பார்த்த என் தாத்தா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு டன் பாறையில் கிடைப்பது சில கிராம் தங்கம்தான். பாறையை மாவாக அரைத்து, லிட்டருக்கு அரை கிராம் போல சோடியம் சயனைடு கலந்த தண்ணீரில் போட்டு, காற்றை ஊதிக் கலக்குவார்கள். ராஜதிராவகத்தில்தான் கரையும் என்று நாம் படித்த தங்கம், இந்த நீர்த்த கரைசலில் கரைந்துவிடும். 4 தங்க அணுவுக்கு 8 சயனைடு, 1 மூலக்கூறு ஆக்சிஜன். இதுதான் கணக்கு. பிறகு துத்தநாகத் தூளைப் போட்டால் தங்கம் கறுப்புச் சேறாகப் படியும். சயனைடு முறைக்கு 1887-ல் கிளாஸ்கோவில் காப்புரிமை பெற்றார்கள்.

சரி, சிக்கல் எங்கே? சல்பைடில்! இரும்புச் சல்பைடு, தங்கத்துக்குப் போக வேண்டிய ஆக்சிஜனையும் சயனைடையும் தானே தின்றுவிடும். ஆர்சனிக் கலந்த சல்பைடோ தங்கத்தைத் தனக்குள்ளேயே பூட்டி வைத்துக்கொள்ளும். எவ்வளவு அரைத்தாலும் கரைசல் உள்ளே போகாது. முதலில் வறுத்துப் பூட்டை உடைக்கலாம். ஆனால் கந்தகப் புகையும் ஆர்சனிக் புகையும் கிளம்பும். தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் பாக்டீரியாவை விட்டே சல்பைடைக் கரைக்கிறார்கள்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. சல்பைடு ஆக்சிஜனோடு சேர்ந்தால் அமிலம் உண்டாகும். கரைசலின் பி.எச். 10-க்குக் கீழே இறங்க இறங்க சயனைடு விஷவாயுவாக வெளியேறும். அதைத் தடுப்பது சாதாரணச் சுண்ணாம்பு. "சயனைடு நெறய இருக்கேன்னு பயப்படாதே, சுண்ணாம்பு கொறஞ்சா பயப்படு" என்பார் தாத்தா.

கோலார் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. தங்கம் போய்விட்டது, அரைத்த மண் மட்டும் சயனைடு மேடுகளாக அங்கேயே நிற்கிறது. காற்றடித்தால் தூசி ஊருக்குள் வருகிறது. மடியின் கனம் அந்த ஊரோடு தங்கிவிட்டது.

நாளை நாமும் ஏதோ ஒரு ஆலையில் ஷிஃப்ட் பார்ப்போம். எவ்வளவு எடுத்தோம் என்று கேட்க மேலே ஆள் இருப்பார்கள். சுண்ணாம்பு சரியா, மிச்சம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான் நண்பர்களே!