திண்ணையை இடிக்காதீங்க!

வீட்டு முன்புறம் கிரில் வைக்க வந்த கொத்தனார், "திண்ணையை இடிச்சா இடம் கிடைக்கும்" என்றார். நான் சம்மதிக்கவில்லை. சின்ன வெங்காயம் வந்தால் என் மாமியார் உட்கார்ந்து தாள் அரிவது அங்கேதான். அது போனால் அறைக்குள் முடங்கிவிடுவார்.

திண்ணையை அப்படியே விட்டு, கிரில்லின் உள்பக்கம் கொசுவலை அடித்தோம். டெங்கு கொசு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும் என்பதால் வலைக்கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் அவசியம். வலையைத் தனிச் சட்டமாகக் கழற்றிக் கழுவும்படி செய்யச் சொல்லுங்கள். எங்கள் ஊர் ஆடிக்காற்றுப் புழுதியில் கண்ணெல்லாம் அடைத்துக்கொள்ளும். மேலே தகரம் போட்டால் கொதிக்கும், ஓடுதான் நல்லது.

இப்போது தெருவில் நின்று பேசுகிறவர்களை, "அங்க நின்னா கொசு கடிக்கும், உள்ள வாம்மா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார் மாமியார்.

- ஒரு வாசகி, பெரம்பலூர்.