டால்சீல் இல்லீங்க... டீ-எல்! காணாமப்போன எழுத்தால் குழம்பிய ஸ்காட்லாந்து பெயர்

டி, ஏ, எல், இசட், ஐ, இ, எல். இந்த இங்கிலீஷ் எழுத்துகளைச் சேர்த்துப் படிங்க பார்ப்போம். 'டால்சீல்'னுதானே வருது? ஆனா, ஸ்காட்லாந்துல இந்தக் குடும்பப் பெயரை 'டீ-எல்'னுதான் சொல்வாங்க. அப்போ நடுவுல இருக்கிற இசட்டுக்கு என்ன வேலை?

விஷயம் என்னன்னா, அங்கே முதல்ல இசட்டே கிடையாது!

இது ஊர்ப்பெயரில் இருந்து வந்த குடும்பப் பெயர். லானார்க்‌ஷர் பகுதியில், மதர்வெல் நகரை ஒட்டி, கிளைட் ஆற்றங்கரையில் இருக்கும் இடம் அது. பழைய கேலிக் மொழியில் 'வெண்ணிறப் புல்வெளி' என்று இதற்குப் பொருள் சொல்கிறார்கள்.

அந்தக் காலத்து ஸ்காட்லாந்தில் 'யோக்' என்றொரு எழுத்து இருந்தது. பார்க்க 3 மாதிரி இருக்கும். கிட்டத்தட்ட 'ய' ஓசை. 1508-ல் எடின்பரோவுக்கு அச்சு இயந்திரம் வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த அச்செழுத்துகளில் யோக் இல்லை. என்ன செய்யறது? பார்க்க அதே மாதிரி இருந்த இசட்டை எடுத்துப் போட்டுட்டாங்க. எழுத்து மாறிப்போச்சு, உச்சரிப்பு மட்டும் அப்படியே நின்னுடுச்சு.

இதே குடும்பத்தின் இன்னொரு கிளை இசட்டுக்குப் பதிலா 'வொய்' போட்டு எழுதுது. பிரிட்டிஷ் எம்.பி-யாக இருந்த டாம் டீ-எல் (1932-2017) அந்தக் கிளைதான். எழுதுவது வேற, உச்சரிப்பு ஒண்ணுதான்.

'மென்சீஸ்' பெயருக்கும் இதே கதைதான். ஸ்காட்லாந்தில் அதை 'மிங்கிஸ்' என்பார்கள். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸுக்கு 'மிங்' என்ற செல்லப்பெயர் வந்தது அதனால்தான்.

ஆனா, எல்லாப் பெயரும் தப்பிக்கல. 'மெக்கென்சி'யிலும் ஒரு காலத்தில் யோக்தான் இருந்தது. அச்சில் இருந்ததைப் பார்த்துப் பார்த்தே படிச்சதுல, இன்னிக்கு அந்தக் குடும்பத்தினரே 'சி' போட்டுத்தான் சொல்றாங்க. பழைய ஓசை வழக்கொழிஞ்சு போச்சு.

டீ-எல் பிழைச்சதுக்குக் காரணம், வீட்டுலயும் ஊர்லயும் அதைச் சரியா சொல்லிக்கிட்டே இருந்தவங்கதான். ஸோ, ஆபீஸ் மெயில்லயோ வீடியோ கால்லயோ இப்படி ஒரு பெயரைப் பார்த்தா, "உங்க பேரை எப்படிச் சொல்லணும்?"னு முதல்லயே கேட்டுடுங்க. அவங்க நிச்சயம் சந்தோஷப்படுவாங்க!