முகம் காட்டாத மிருகம்

2011 ஆகஸ்ட், நோன்பின் நடுப்பகுதி. ஆண்கள் தராவீஹ் தொழப் பள்ளிக்குப் போனதும் கிழக்கிலங்கையில் கல்முனை முதல் பொத்துவில் வரைக்கும் எங்கள் கரையூர்ப் பெண்கள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே வீட்டில் கூடிவிடுவார்கள். இங்கே கலியாணம் முடித்த மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது வழமை. உம்மா வீடு, அடுத்தது மூத்த ராத்தா வீடு, அதற்கடுத்தது இளையவள் வீடு என்று ஒரே வளவில் நிற்கும். நடுவேலியில் ஆள் நுழைய ஒரு கடப்பு விட்டிருப்பார்கள். பகலில் கறிக்கிண்ணம் கைமாறும் அந்தக் கடப்பால்தான் அந்த இரவுகளில் பெண்கள் மூச்சடக்கி ஓடினார்கள்.

பயம் ‘கிறீஸ் மனிதன்’ மேல். பத்திரிகைகள் கிறீஸ் பூதம் என்றும் மர்ம மனிதன் என்றும் எழுதின. பிடித்தால் வழுக்க வேண்டும் என்று உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு வரும் கள்ளனின் கதை இந்த நாட்டில் பழையது. அந்த வருடம் வந்தவனைப் பற்றிய பேச்சோ வேறு. அவன் பொருளைத் தொடுவதில்லை, பெண்களைத்தான் கீறுகிறான் என்றார்கள். விரலில் இரும்பு நகம், காலில் ஸ்பிரிங் சப்பாத்து, ஒரே பாய்ச்சலில் மதில் தாண்டுவான் என்றும் சொன்னார்கள். ஆகஸ்ட் 13 பௌர்ணமி. நிலவு பட்டப்பகல் போல் காய்ந்தும் ஒருவர் கண்ணிலும் அவன் முகம் தெளிவாகப் படவில்லை.

‘த வுல்ஃப்மேன்’ படத்தை நான் பார்த்தது அந்த ஆண்டில்தான். 1941இல் யூனிவர்சல் நிறுவனம் எடுத்த ஓநாய் மனிதன் கதையை ஜோ ஜோன்ஸ்டன் 2010இல் மறுபடி எடுத்தார். செலவு சுமார் 15 கோடி டொலர். பெனிசியோ டெல் டோரோ மகன், அந்தனி ஹொப்கின்ஸ் தகப்பன். ஓநாயின் முகத்தைப் படைத்த ரிக் பேக்கருக்கும் டேவ் எல்சிக்கும் 2011 பெப்ரவரியில் ஒப்பனைக்கான ஒஸ்கார் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து எங்கள் ஊருக்கு வந்தது முகமே இல்லாத ஒன்று.

மூலப்படத்துக்குக் கதை எழுதிய கர்ட் சியோட்மாக் ஹிட்லருக்குப் பயந்து ஜேர்மனியை விட்டு வெளியேறிய யூதர். அவர் கதையில் ஓநாய் மனிதன் அடுத்துக் கொல்லப்போகிறவரின் உள்ளங்கையில் ஒரு நட்சத்திரத்தைக் காண்கிறான். படம் வெளிவந்தது 1941 டிசம்பரில். ஜேர்மனியில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற கட்டளை வந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் படத்தை என்னால் வெறும் பேய்ப்படமாகப் பார்க்க முடிந்ததில்லை.

மறுஆக்கத்தில் என்னை உலுக்கிய காட்சி மகன் ஓநாயாக மாறுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. ஊரில் கொலை விழுந்ததும் ஆண்கள் துவக்கோடு திரண்டு நாடோடிகளின் கூடாரத்துக்குப் போகிறார்கள். அவர்கள் வளர்க்கும் கரடிதான் கொன்றது என்பது ஊரார் முடிவு. உண்மையான மிருகமோ ஊரிலேயே பெரிய வீட்டில், தகப்பன் என்ற மரியாதையோடு வாழ்கிறது. படம் பல இடங்களில் தடுமாறினாலும் இந்த இடத்தில் பொய் சொல்லவில்லை.

எங்கள் பக்கமும் ஆண்கள் பொல்லோடு காவல் நின்றார்கள். ஊருக்குப் புதிதாக வந்த வியாபாரியை மறித்துக் கேள்வி கேட்டார்கள். துரத்தப்பட்டவன் படைமுகாமுக்குள் ஓடி மறைந்தான் என்ற பேச்சு ஊர் ஊராகக் கிளம்பியது. கால் நூற்றாண்டுக்கு மேல் யுத்தத்துக்குள் கிடந்த மண் அதை நம்பியதில் வியப்பில்லை. பொத்துவிலில் கூட்டத்தைக் கலைக்கச் சுட்டதில் ஒரு உயிர் போனது. கிண்ணியாவில் மக்கள் கடற்படையோடு மோதினார்கள். புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் அடிபட்டு இறந்தார். யாழ்ப்பாணம் நாவாந்துறையில் படையினர் இரவோடிரவாக நூறு பேரளவில் பிடித்து அடித்தார்கள். அவசரகாலச் சட்டத்தை நீடிக்கவே இந்தக் கூத்து என்று சந்தேகப்பட்டவர்களும் இருந்தார்கள். அந்தச் சட்டமோ அதே மாதக் கடைசியில் முடிவுக்கு வந்தது. கிறீஸ் பூதம் என்று ஒன்றுமே இல்லை என்பதுதான் அரசாங்கம் சொன்ன பதில்.

பூதம் இல்லை என்பது எங்கள் பெண்களுக்கும் தெரியும். “அப்ப கீறினது ஆருகா?” என்பதுதான் அவர்கள் கேட்டது. அந்தக் கேள்விக்குப் படங்களில் பதில் உண்டு. 1941 படத்தின் முடிவில் தகப்பன் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியால் ஓநாயை அடித்துக் கொல்கிறார். மயிர் மறைந்து மகனின் முகம் தெரிகிறது. 2010இல் வெள்ளிக்குண்டு பாய்ந்ததும் மனித முகம் திரும்புகிறது. கொன்றது யார் என்று ஊர் கண்ணால் காண்கிறது. கல்முனையில் யாரும் அப்படி ஒரு முகத்தைக் காணவில்லை.

இந்தக் கதையை எங்கள் கரையிலிருந்து யாராவது படமாக எடுக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எடுப்பவரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஹொலிவூட்டில் கமரா எப்போதும் தீப்பந்தம் பிடித்த ஆண்களோடு காட்டுக்குள் ஓடிவிடுகிறது. இந்தப் படத்தில் அது பொல்லோடு ஓடுகிறவர்களின் பின்னால் போகாமல் வீட்டுக்குள் இருக்கட்டும். பள்ளி ஒலிபெருக்கியில் தொழுகை கேட்கிறது. உம்மம்மா கதவுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்து தஸ்பீஹ் உருட்டுகிறா. பாயில் ஏழெட்டுப் பிள்ளைகள் கிடக்கிறார்கள், ஒன்றும் தூங்கவில்லை. நடுவேலிக் கடப்புப் பக்கம் காய்ந்த தென்னோலை ஒன்று சரசரக்கிறது. மூத்தவள் எழும்பிப் போய் லைட்டைப் போடுகிறாள்.