பொம்மைக் கட்டை பிரிக்கும் பொறி

ஒரு கைப்பிடி லெகோ கட்டைகளை இந்தப் பொறியின் மேலே கொட்டுங்கள். அதிரும் தட்டு முதலில் அவற்றை ஒற்றை வரிசையாக்கும். வீட்டில் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்: இரண்டு கட்டை ஒட்டிக்கொண்டு வந்தால் பொறிக்கு அது ஒரே கட்டை.

வரிசையின் முடிவில் நிறம் பார்க்கும் சென்சார். கட்டையில் பட்டுத் திரும்பும் சிவப்பு, பச்சை, நீல ஒளியின் அளவை அது துடிப்புகளாக அனுப்புகிறது. ஆர்டுயினோ என்னும் நீல நிறக் கட்டுப்பாட்டுப் பலகை அவற்றை எண்ணி, சர்வோ மோட்டாரால் சரிவை உரிய டப்பாவுக்குத் திருப்புகிறது. அறை விளக்கு மாறினாலே கணக்குப் பிசகும். சென்சாரைச் சுற்றிய கறுப்பு அட்டை அதற்காகத்தான்.

பிரிக்கும் வேலை எங்கும் ஒரே மாதிரி இல்லை: கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பைக் காந்தமே பொறுக்கிவிடும். பிளாஸ்டிக்கிடம் அந்த வேலை நடக்காது. நம் பொறிக்கு நெருங்கிய சொந்தம் செங்குன்றம் அரிசி ஆலைகளின் 'சார்டெக்ஸ்' பொறி: சரிவில் விழும் அரிசியைக் கேமரா பார்க்கும், கறுத்த அரிசியைக் காற்று ஊதித் தள்ளும்.

2019-இல் ஆஸ்திரேலியாவின் டேனியல் வெஸ்ட், 10,000-க்கும் மேற்பட்ட லெகோ கட்டைகளாலேயே கட்டிய பொறி வடிவத்தையும் அடையாளம் கண்டது. நம் பொறிக்கோ நிறம் மட்டுமே தெரியும். கண்ணாடி போன்ற கட்டையைப் போட்டுப் பாருங்கள், திணறும்.