உங்களுக்குத் தெரியுமா? தேயிலைப் பெட்டியில் துதிப்பாட்டு!

* தென் பசிபிக்கில் எண்பது சொச்சம் தீவுகள் சேர்ந்த நாடு வனுவாட்டு. அங்கே பல கடலோரக் கிராமங்களில் துதிப்பாட்டு என்றாலும், கல்யாணப் பாட்டு என்றாலும் ‘ஸ்டிரிங் பேண்ட்’ கோஷ்டிதான். சில உகுலேலே (குட்டி கிதார் மாதிரி இருக்கும்), சில கிதார், ஒரு பாஸ், கச்சேரி களைகட்டிவிடும். ஒருவர் உச்ச ஸ்தாயியில், கிட்டத்தட்டப் பெண் குரலில் எடுத்துக்கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து வாங்கிப் பாடுவார்கள். மைக் வேண்டாம், கரண்ட் வேண்டாம். மின்கம்பி எட்டாத ஊர்களில் இந்த இசை தழைத்திருக்க அதுவே பெரிய காரணம் என்பேன்.

* அந்த பாஸ் இருக்கிறதே, அது கடையில் வாங்குவதல்ல. கவிழ்த்துப்போட்ட மரப்பெட்டி, ஒரு கழி, பெட்டியின் நடுவிலிருந்து கழி நுனிக்கு ஒற்றைக் கயிறு. கழியைச் சாய்த்துக் கயிற்றை இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். ஸ்வரஸ்தானத்துக்கு அடையாளமே கிடையாது, எல்லாம் காதுக் கணக்கு! உலகின் பல மூலைகளில் இந்த வாத்தியத்துக்கு வாகாக அமைந்தது தேயிலை ஏற்றுமதிக்கான பலகைப் பெட்டி. இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறிய அத்தகைய பெட்டிகளுக்குக் கொழுந்து கிள்ளியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள்.

* உகுலேலே ஹவாயில் பிறந்ததுதான். ஆனால் அதன் தாய் வாத்தியம் போர்ச்சுகலின் மடெய்ரா தீவைச் சேர்ந்தது. 1879-ல் கரும்புத் தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிவந்த கப்பலில் ஹொனலுலு வந்து இறங்கியது. வனுவாட்டுக்காரர்கள் மரத்தைக் குடைந்து தாங்களே செய்துகொள்கிறார்கள். நரம்புக்குத் தூண்டில் நைலான் போதும்.

* 1942-ல் அமெரிக்கப் படை வனுவாட்டின் சாண்டோ தீவில் பெருந்தளம் அமைத்தது. கிதாரும் உகுலேலேயும் இங்கே பரவியதில் அந்தச் சிப்பாய்களுக்குப் பங்குண்டு. போர் முடிந்ததும் லாரி, புல்டோசர்களைக் கடலில் தள்ளிவிட்டுப் போனார்கள். அந்த இடத்துக்கு இன்றும் ‘மில்லியன் டாலர் பாயின்ட்’ என்றே பெயர்.

* 1839-ல் இங்குள்ள எரோமாங்கோ தீவில் கால்வைத்த மிஷனரி ஜான் வில்லியம்ஸ் கொல்லப்பட்டார். 1980-ல் நாடு விடுதலை பெற்றபோது முதல் பிரதமரானவர் வால்டர் லினி என்கிற ஆங்கிலிக்கன் பாதிரியார்! 2009-ல் எரோமாங்கோ மக்கள் வில்லியம்ஸின் வம்சத்தாரை வரவழைத்து மன்னிப்புக் கேட்டார்கள்.

* சுமார் 3 லட்சம் பேர், நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள். அதனால் பொது மொழியான பிஸ்லாமாவில் கட்டிய பாட்டு தீவுவிட்டுத் தீவு தாவுகிறது.

* பக்கத்துச் சாலமன் தீவுகளில் இன்னொரு கூத்து. நீளமும் குட்டையுமான மூங்கில் குழாய்களை அடுக்கி, அவற்றின் வாயில் ரப்பர் செருப்பால் அடிப்பார்கள். செருப்பு என்று முகம் சுளிக்காதீர்கள். இணையத்தில் தேடி ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.