மலைநாட்டு மோட்டார் வண்டிகளில் இருக்கையுறை மாற்றுதல்

நுவரெலியாவில் மகாகஸ்தோட்டைத் தேயிலைத் தோட்டப் பாதையில் மலையேற்ற மோட்டார்ப் போட்டி 1934 ஆம் ஆண்டிலே தொடங்கியது. எம்.ஜி. போன்ற பிரித்தானிய வேகக் கார்களுக்கு மலைநாட்டில் அன்று இருந்த மதிப்பு அதனால் விளங்கும். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகின; 1977 இல் அவை தளரும்வரை புதிய உறுப்புகள் கிடைத்தல் அரிதாயிற்று. அந்நிலையில், ஓடாது கிடக்கும் வண்டியொன்றின் இருக்கையுறையைக் கழற்றி ஓடும் வண்டிக்கு இடுவது கைக்கெட்டிய வழியாகும். பழைய வண்டிகளைப் பேணுவோர் மூலத் தோலைக் காக்கும்பொருட்டு இன்றும் அதனை மேற்கொள்வர்.

தலையணைக்கு உறையிடுவதுபோல் இதனை எண்ணுதல் பொருந்தாது. தோலானது தான் மூடிய திணிப்பின் வடிவத்தைத் தானும் பெற்றுவிடுகின்றது. குழிந்துபோன திணிப்பின்மேல் நெடுநாள் கிடந்த உறை நடுவில் நீண்டிருக்கும். அதனை வேறொரு குழிந்த இருக்கையில் இட்டால் சுருக்கங்கள் அவ்வண்ணமே தோன்றும். ஆகவே முதலிற் செப்பனிட வேண்டியது திணிப்பே. அது தும்பாயினும் குதிரைமயிராயினும் மலைநாட்டு ஈரத்தை உறிஞ்சிக் கீழுள்ள சுருள்வில்லைத் துருப்பிடிக்கச் செய்யும். இறப்பர்ப் பஞ்சாயின் காலப்போக்கிற் பொடியாகும். புதுத் திணிப்பைச் சிறிது பருமனாக வெட்டியிட்டால் நீண்ட தோலும் இறுகி நிற்கும்.

எந்த உறையைத் தெரிவது? இலங்கையில் ஓட்டுநர் வலப்புறக் கதவால் ஏறி இறங்குபவர். ஆதலின் அவரது இருக்கையின் வலவோரமே முதலில் தேய்ந்து கிழியும். இடப்புற இருக்கையின் வலவோரமோ வண்டியின் நடுப்பக்கமாக இருப்பதால் உராய்வு குறைவு. இருபுறமும் ஒத்த வடிவமுள்ள இருக்கையாயின், இடப்புற உறையை வலப்புறத்திற்கு இடுவதனால் நல்ல ஓரம் தேயும் பக்கத்திற்கு வந்துவிடும். ஒருபுறம் மட்டும் கைபிடிக்குத் துளையுள்ள உறைக்கு இவ்வுபாயம் உதவாது.

கழற்றும்போது உறையை இழுத்தல் ஆகாது. தோலுக்கு முன்னரே நூல் உக்கிப்போயிருக்கும். இழுத்தவிடத்துத் தையற்றுளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழியும். ஆணிகளையும் கம்பி வளையங்களையும் ஒவ்வொன்றாக எடுத்தல் வேண்டும். பிரிந்த தையலைப் பழைய துளைகளின் வழியாகவே கையால் தைப்பது முறை. இயந்திரத்தில் இட்டு அருகே புதுத்துளைகள் இட்டால், தோல் முத்திரையின் ஓரம்போல் எளிதிற் பிரியும். குஷன் வேலையில் தேர்ந்தவரும் அவசரத்தில் இங்குத் தவறுவதுண்டு.

ரெக்சின் உறையாயின் வெயிலில் இளஞ்சூடேற்றியபின் மாட்டுதல் எளிது. தோலுக்கு அச்சூடு தீது. பின்புறத்தை இலேசாக ஈரமாக்கினாற் போதும். முன்விளிம்பின் நடுவிலும் பின்விளிம்பின் நடுவிலும் முதலிற் பொருத்தி, பின்னர் இருபக்கங்களையும் மாறிமாறி இழுத்து மூலைகளை இறுதியில் முடிப்பர். ஈரம் முற்றும் உலர்ந்த பின்னரே இருக்கையை வண்டியில் ஏற்றலாம். நுவரெலியாவில் இவ்வேலைக்கு மழை குறைந்த தை, மாசி மாதங்களே ஏற்றவை.