தலை மாறிய தூண்

பாரிஸின் வாந்தோம் சதுக்கத்துக்கு இன்று வருகிறவர்கள் பெரும்பாலும் கடைக் கண்ணாடிகளைத்தான் பார்க்கிறார்கள். சுற்றிலும் வைர நகைக் கடைகள். ஒரு பக்கம் 1898இல் திறந்த ரிட்ஸ் ஹோட்டல். நடுவே ஏறத்தாழ 44 மீட்டர் உயரத்தில் ஒரு வெண்கலத் தூண். அதன் உச்சியில் ரோமானியச் சக்கரவர்த்தி வேடத்தில் ஒருவர் நிற்கிறார். அண்ணாந்து பார்த்தாலும் முகம் தெரியாது. நெப்போலியன் என்று சொன்னால் தலையாட்டிவிட்டு, அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

ஒரு காலத்தில் அந்த உச்சியில் யார் நிற்பது என்பது ஆட்சியைப் பொறுத்த விஷயம்.

சதுக்கத்தை எழுப்பியவர் 14ஆம் லூயி. 1699இல் குதிரை மேல் அமர்ந்த அவரது வெண்கலச் சிலையை நடுவில் நிறுத்தினார்கள். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792 ஆகஸ்ட் 10 அன்று மக்கள் மன்னரின் துய்லரி அரண்மனைக்குள் புகுந்தார்கள். அடுத்த சில நாட்களில் பாரிஸில் இருந்த மன்னர் சிலைகளெல்லாம் தரைக்கு வந்தன. அந்த வெண்கலத்தைப் பீரங்கி வார்க்கக் கொடுக்கும்படி உத்தரவு. இங்கிருந்த சிலையில் மிஞ்சிய ஒரு பாதம் இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சதுக்கத்துக்கு 'ஈட்டிச் சதுக்கம்' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். நடுவில் வெறும் பீடம்.

வெற்றுப் பீடத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறவரா நெப்போலியன்? 1799 நவம்பரில் படைபலத்தோடு ஆட்சியைப் பிடித்தார். 1803இல் இங்கே ஒரு தூண் எழுப்ப முடிவானபோது, அதன் உச்சிக்குக் குறித்திருந்த ஆள் பழைய பேரரசர் ஷார்ல்மான். அடுத்த ஆண்டே நெப்போலியன் தானே பேரரசரானார். 1805 டிசம்பரில் ஆஸ்டர்லிட்ஸில் ஆஸ்திரிய, ரஷ்யப் படைகளை முறியடித்தார். அப்புறம் ஷார்ல்மான் எதற்கு? ரோமில் உள்ள டிராஜன் தூணின் சாயலில், 425 வெண்கலத் தகடுகள் சுருளாக ஏற, 1810 ஆகஸ்டில் தூண் எழுந்தது. உச்சியில் அவரே. எதிரிகளிடம் பிடித்த 1,200 பீரங்கிகளை உருக்கிச் செய்தது என்று அரசு பறைசாற்றியது. ஆஸ்டர்லிட்ஸில் அத்தனை பீரங்கி சிக்கவில்லை என்பது பின்னால் வந்த கணக்கு. பேரரசரின் போர் அறிக்கைகளைப் படித்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது.

நான்கே ஆண்டு. ரஷ்யப் பனியில் படை கரைந்தது. 1814 மார்ச் 31 அன்று நேச நாட்டுப் படைகள் பாரிஸுக்குள் வந்தன. மன்னர் கட்சிக்காரர்கள் கயிறு கட்டி இழுத்தும் சிலை அசையவில்லை. அதை வார்த்தவரையே கூப்பிட்டு இறக்கச் சொன்னார்கள். அந்த வெண்கலம் 1818இல் போன் நெஃப் பாலத்தருகே 4ஆம் ஹென்றியின் சிலையாக மாறியது. மன்னரை உருக்கிப் பீரங்கி, பீரங்கியை உருக்கிப் பேரரசர், பேரரசரை உருக்கி மறுபடி மன்னர்! 1833இல் மன்னர் லூயி ஃபிலிப், நெப்போலியனை மீண்டும் தூணில் ஏற்றினார். இம்முறை சாதாரண ராணுவ உடையில், பழைய தொப்பியோடு. மக்களுக்குப் பிடித்த உருவம் அதுதான். அது தன் தகுதிக்குப் போதாது என்று நினைத்தாரோ என்னவோ, 1863இல் தம்பி மகன் மூன்றாம் நெப்போலியன் ரோமானிய வேடத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். இறக்கிய தொப்பிச் சிலை இப்போது பாரிஸின் இன்வாலித் ராணுவ வளாகத்தில் இருக்கிறது.

அந்தத் தம்பி மகனின் பேரரசும் 1870இல் செதானில் பிரஷ்யாவிடம் சரணடைந்தது. அந்தச் செப்டம்பரில் ஓவியர் குஸ்தாவ் கூர்பே, தூணைக் கழற்றி அப்புறப்படுத்துங்கள் என்று அரசுக்கு மனுக் கொடுத்தார். கேட்பாரில்லை. 1871 ஏப்ரல் 12 அன்று, நகரைக் கைப்பற்றி ஆண்ட புரட்சி அரசான பாரிஸ் கம்யூன், காட்டுமிராண்டித்தனத்தின் சின்னம் என்று சொல்லித் தூணை இடிக்க ஆணையிட்டது. கூர்பே கம்யூன் உறுப்பினரானது அதற்கு நான்கு நாள் கழித்துத்தான். மே 16 அன்று வைக்கோலும் சாணமும் பரப்பிய படுக்கையில் தூண் சாய்ந்தது. கம்யூன்காரர்கள் அதன் முன்னே பெருமையோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அதே படங்கள் பிறகு ஆளை அடையாளம் காட்டப் போலீசுக்கு உதவின. ஐந்தே நாளில், வெர்சாயில் இருந்த அரசின் படை நகருக்குள் நுழைந்தது. ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள்.

கூர்பேக்கு ஆறு மாதச் சிறை, 500 ஃபிராங்க் அபராதம். அதோடு விட்டார்களா? 1873இல் புதிய ஆட்சி, தூணைத் திரும்ப நிறுத்தும் செலவை அவர் தலையில் கட்டியது. அவர் சுவிட்சர்லாந்துக்குத் தப்பி ஓடினார். 1877இல் இறுதிக் கணக்கு வந்தது: 3,23,091 ஃபிராங்க் 68 சாந்தீம். அந்த 68 சாந்தீமை விடவில்லை பாருங்கள்! ஆண்டுக்குப் பத்தாயிரம் வீதம் 33 ஆண்டு கட்ட வேண்டும். முடிக்கும்போது அவருக்கு வயது 91 ஆகியிருக்கும். முதல் தவணைக்கு முந்தைய நாள், 1877 டிசம்பர் 31 அன்று, ஐம்பத்தெட்டு வயதில் இறந்துபோனார். 1875இலேயே தூண் பழையபடி எழுந்துவிட்டது. உச்சியில் ரோமானிய வேடம்.

அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் தூணைத் துலக்கிய செலவை ரிட்ஸ் ஹோட்டல் ஏற்றுக்கொண்டது. 2014 அக்டோபரில் இதே சதுக்கத்தில் அமெரிக்கக் கலைஞர் பால் மெக்கார்த்தி நிறுத்திய பச்சை நிறக் காற்றடைத்த 'மரம்' ஆபாசமாக இருக்கிறது என்று சிலர் அதன் கயிற்றை அறுத்துச் சாய்த்தார்கள். பேரரசர் பத்திரமாக இருந்தார்.

வரலாறு தேடி இங்கே போகிறவர்கள் தூணை விட்டுவிட்டு 13ஆம் எண் கட்டடத்துக்குப் போகலாம் என்பேன். அது நீதி அமைச்சகம். அதன் சுவரில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சலவைக்கல் அளவுகோல் ஒன்று பதித்திருக்கிறது. ஊருக்கு ஊர் வேறுபட்ட அளவுகளை ஒழித்துப் புரட்சி கொண்டுவந்த மீட்டரை மக்களுக்குப் பழக்க, 1790களில் பாரிஸ் முழுக்க வைத்த கற்களில் எஞ்சியது. 1848இல் இங்கே மாற்றினார்கள். 1812இல் மக்களின் முணுமுணுப்புக்கு இணங்கிப் பழைய அளவுப் பெயர்களை மறுபடி புழங்க விட்டவர் நெப்போலியன். அவர் கைவிட்டும் மீட்டர் பிழைத்தது. 1804இல் அவர் கொடுத்த சிவில் சட்டமும், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது போன்ற பிரிவுகள் கழிந்து, இன்றும் நடப்பில் இருக்கிறது. நம் புதுச்சேரியிலும் 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்த குடும்பங்களின் வழியே அது தொடர்ந்தது.

இன்று பிரான்சில் நெப்போலியனைப் பற்றிய சண்டை வேறு இடத்துக்குப் போய்விட்டது. புரட்சி 1794இல் ஒழித்த அடிமை முறையை 1802இல் திருப்பிக் கொண்டுவந்தவர் அவர். அந்த ஆண்டு மே மாதம் பிரான்சின் கரீபியக் குடியேற்றமான குவாதலூப் தீவில் லூயி தெல்கிரேயும் அவரது ஆட்களும் அடிமையாகத் திரும்ப மறுத்து, வெடிமருந்துக்குத் தீ வைத்து மடிந்தார்கள். 2021இல் நெப்போலியன் இறந்த 200ஆம் ஆண்டுக்கு அவரது கல்லறையில் மலர்வளையம் வைத்த அதிபர் மக்ரோன், அடிமை முறையை மீண்டும் கொண்டுவந்ததைப் பிழை என்று சொல்லித்தான் பேச முடிந்தது. தெல்கிரேயின் பெயரை 1998இல், நாட்டின் பெருமக்களுக்கான நினைவிடமான பாந்தியோனில் பொறித்தார்கள். அதற்காக யாரும் எந்தச் சிலையையும் இறக்க வேண்டியிருக்கவில்லை.